பல்லை வெளுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பல் மருத்துவரிடம் போய், பல்லை வெள்ளையாக்கித் தரச் சொல்வது இன்று சகஜமாகிவிட்டது. சிகிச்சை முடிந்ததும் காபி குடிக்கலாமா, சாம்பார் சாப்பிடலாமா என்ற கவலை தொற்றிக்கொள்கிறது. கவலைப்பட வேண்டிய நேரம் அதற்கு முன்பே கடந்திருக்கும். நிறம் எவ்வளவு மாறும், பல் எவ்வளவு கூசும் என்பவை பெரும்பாலும் வெளுக்கும் ஜெல் பல்லில் படும் முன்பே முடிவாகிவிடுகின்றன. பத்து நாள் போதாது. குறைந்தது ஒன்றரை மாதமாவது வேண்டும்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

பல்லின் மேலுறையான எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் திரையின் நிறம் வெளியே தெரிவதுபோல, அடியில் உள்ள டென்டினின் மஞ்சள் எனாமலைத் தாண்டித் தெரியும். வயது ஏற ஏற எனாமல் தேய்கிறது, டென்டின் தடிக்கிறது, பல் மஞ்சளாகிறது. இந்த மஞ்சள் வெளுக்கும் ஜெல்லுக்கு நன்றாகவே இணங்கும். டீ, வெற்றிலை, புகையிலை, சிலவகை வாய்கொப்பளிக்கும் மருந்துகள் ஆகியவற்றால் மேலே படியும் கறை வேறு. அதற்கு ஸ்கேலிங் செய்து, கறையையும் பல்லில் கெட்டியாகப் படிந்த காரையையும் எடுத்தாலே போதும். அதன் பிறகு வெளுக்கவே வேண்டாம் என்று தோன்றக்கூடும். சிறுவயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டதால் வந்த சாம்பல் நிறம் எளிதில் மசியாது. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அடிபட்டுக் கறுத்துப்போன ஒற்றைப் பல்லுக்கு முதலில் எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் வேர் சிகிச்சையும்தான் அவசியம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே கொண்டுவரப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறைகளும் இருக்கும். வெளுக்கும் ஜெல் போட்டால் பழுப்பு குறையலாம். வெள்ளைத் திட்டுகள் தொடக்கத்தில் முன்னைவிட எடுப்பாகத் தெரியவும் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர் நோயாளிக்கு நியாயம் செய்யவில்லை என்பதே என் கருத்து.

மேலே சொன்ன ஸ்கேலிங்கைச் செய்தால் பல் ஆடும் என்ற பயம் நம்மிடையே ஆழமாக உண்டு. காரை மண்டியதால் ஈறும் எலும்பும் ஏற்கெனவே கரைந்து பல் ஆட்டம் கண்டிருக்கும். அதை இறுக்கிப் பிடித்திருந்த காரை போனதும் ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். காரையை விட்டுவைத்தால் எலும்பு மேலும் கரையும்.

ஜெல் உள்ளே போகிறது

வெளுக்கும் பொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது அதை வெளியிடும் கார்பமைடு பெராக்சைடு. 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடில் இருந்து சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். வீட்டில் இரவில் ஜெல் நிரப்பிய ட்ரேயைப் பல்லில் மாட்டிக்கொண்டு வெளுக்கும் முறை, 1989-இல் ஹேவுட், ஹெய்மன் என்ற பல் மருத்துவர்கள் இருவரின் கட்டுரைக்குப் பின் பரவியது. கிளினிக்கில் இதைவிடப் பல மடங்கு செறிவானதைப் பயன்படுத்துவார்கள். பெராக்சைடு எனாமல், டென்டின் இரண்டையும் ஊடுருவிச் சில நிமிடங்களிலேயே நரம்பு இருக்கும் பல்கூழை எட்டிவிடுகிறது. பல் கூசுவது இதனால்தான். சொத்தையோ விரிசலோ ஓரம் விட்டுப்போன அடைப்போ இருந்தால் அந்த வழியாக இன்னும் அதிகமாக இறங்கும். முதலில் சொத்தையை அடைக்கச் சொல்வது பில்லைக் கூட்டுவதற்கல்ல.

கடையில் வெளுக்கும் கிட் கிடைக்கும்போது மருத்துவர் எதற்கு என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 முதல் 6 சதவீதம் வரை பெராக்சைடு உள்ளவற்றைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஜெல் நஞ்சு என்பதல்ல காரணம். போடும் முன் வாயைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும் என்பதே. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது நல்லது.

கூச்சம் உள்ளவர்கள் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பேஸ்ட்டை இரண்டு வாரம் முன்பிருந்தே பயன்படுத்தலாம். முன்பல்லில் அடைப்போ செயற்கைப் பல்லுறையோ இருந்தால் அவை வெளுக்காது; சுற்றியுள்ள பல் வெளுத்ததும் தனித்துத் தெரியும். அவற்றை மாற்றும் செலவையும் அப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காபியா, எலுமிச்சையா?

சிகிச்சைக்குப் பின் 48 மணி நேரம் வெள்ளை உணவு மட்டும் என்பது எங்கும் சொல்லப்படும் அறிவுரை. ஆனால் வெளுக்கும் நாட்களில் காபி, டீ குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. இரண்டு நாள் மஞ்சள்தூள் குழம்பையும் டீயையும் குறைத்தால் நல்லதுதான். ஒரு வாய் காபிக்காக மனம் நோக வேண்டாம். நான் பயப்படுவது புளிப்புக்கு. வாயின் அமிலத்தன்மை கூடி, பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டியது. சோடாவும் ஊறுகாயும் சில நாள் ஒதுங்கட்டும். புளிப்பு சாப்பிட்டால் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்து மென்மையான பிரஷால் துலக்குங்கள்.

இயற்கை வழியே நல்லது என்பவர்கள் கரியையும் எலுமிச்சையும் உப்பும் கலந்த பொடியையும் சொல்வார்கள். கரி மேல் கறையைச் சுரண்டும். உள்ளே இருக்கும் நிறத்தைத் தொடாது. தேய்த்துத் தேய்த்து எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் இன்னும் துலக்கமாகத் தெரியும். போன எனாமல் திரும்ப வளராது.

சிகிச்சை முடிந்த உடனே எடுக்கும் போட்டோவை நம்ப வேண்டாம். ஈறில் ஜெல் படாமல் காக்க, அரைமணிக்கு மேல் வாயைத் திறந்தே வைத்திருப்பதால் பல்லின் ஈரம் வற்றி, உண்மையில் இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியும். சில நாளில் ஈரம் திரும்பியதும் சற்று மங்கும், அது தோல்வியல்ல. நிறம் நிலைப்பட இரண்டு வாரம் ஆகும். பல்லில் தங்கிய ஆக்சிஜன் பிசின் அடைப்பு ஒட்டுவதைக் கெடுக்கும் என்பதால், புது அடைப்புக்கும் அதுவரை பொறுக்க வேண்டும். குளிர்ந்த நீரில் சுரீரெனக் கூசுவது பொதுவாகச் சில நாளில் அடங்கிவிடும். ஒரே பல்லில் வலி வந்து இரவில் தூக்கம் கெட்டாலோ, சூடு பட்டபின் வலி நீடித்தாலோ, அதைக் கூச்சம் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.