முயலகன் நோய்: வலிப்போடு வாழ்வது எப்படி?

திருச்சிக்குப் பக்கத்தில் திருவாசி என்றொரு ஊர் இருக்கிறது. தேவாரத்தில் அதன் பெயர் திருப்பாச்சிலாச்சிராமம். கொல்லி மழவன் என்ற சிற்றரசன், முயலகன் என்னும் நோயால் உணர்விழந்து கிடந்த தன் மகளை அந்தக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான் என்றும், அப்போது அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவளை எழுப்பினார் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. முயலகன் என்றால் நடராஜர் காலடியில் கிடக்கிறானே, அவன்தான். வடமொழியில் அவன் பெயர் அபஸ்மாரன். ஆயுர்வேதத்தில் வலிப்பு நோய்க்குப் பெயர் அபஸ்மாரம். ஆக, நம் முன்னோர்கள் இந்த நோயை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள், பெயரும் வைத்திருக்கிறார்கள்.

எனக்கும் முயலகனுக்கும் ஏறக்குறைய ஐம்பது வருஷப் பழக்கம். 1976இல், பதினாறு வயதில், லால்குடியில் எனக்கு முதல் வலிப்பு வந்தது. அம்மா தாயத்து கட்டினார், அப்பா மாத்திரை வாங்கிக் கொடுத்தார். இரண்டுமே என் உடம்பில் இருந்தன. 1981இல் மத்திய அரசு வேலைக்காக டில்லி வந்தேன். வேலை பார்த்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், ஓய்வும் பெற்றேன். நம் சங்கத்துப் பெரியவர்கள் "மலருக்கு ஏதாவது எழுதுங்களேன்" என்று கேட்டபோது, நான் நன்றாக அறிந்த விஷயத்தையே எழுதலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. நோயாளி என்ற தகுதி மட்டும் உண்டு.

மூளையில் நடப்பது என்ன?

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று மிகச் சிறிய மின் துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. சாதாரணமாக இது கச்சேரி மாதிரி, அவரவர் முறை வரும்போது வாசிப்பார்கள். திடீரென்று ஒரு கூட்டம் அணுக்கள் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் துடிக்க ஆரம்பித்தால் அதுதான் வலிப்பு. மூளை முழுவதும் அது பரவினால் ஆள் நினைவிழந்து விழுவார், கை கால் வெட்டும், வாயில் நுரை வரும். கால்-கை வலிப்பு என்பதே மருவிக் காக்காய் வலிப்பு ஆயிற்று என்று சொல்வதுண்டு. காக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எல்லா வலிப்பும் விழுந்து வெட்டுவதும் அல்ல. மூளையின் ஒரு பகுதியோடு நின்றுவிட்டால், ஆள் உட்கார்ந்தபடியே உதட்டை மெல்லுவார், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருப்பார், கூப்பிட்டால் பதில் வராது. சில குழந்தைகள் வகுப்பில் பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டுப் பிறகு ஒன்றுமே நடக்காதது போல எழுதத் தொடங்கும். ஒரு நாளில் இது பலமுறை வரலாம். "கவனமில்லாத பிள்ளை" என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைக்குத் தேவை மாத்திரை.

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்குக் குறையாது என்கிறார்கள். சரியான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது.

ஏன் வருகிறது?

பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைவது, தலையில் அடி, மூளைக்காய்ச்சல், பக்கவாதம், கட்டி எனக் காரணங்கள் பல. பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை, நானும் அந்தக் கட்சிதான். இதில் நம் நாட்டில் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

ஒன்று, நாடாப்புழு. பன்றி இறைச்சி மூலம் மனிதக் குடலில் வளரும் இந்தப் புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியேறி மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. அந்த நீர் பட்ட கீரையையோ காய்கறியையோ கழுவாமல் பச்சையாகச் சாப்பிட்டால், முட்டை வயிற்றுக்குள் போய்ப் பொரிந்து, இரத்தத்தின் வழியாக மூளைக்குப் போய்க் கட்டியாகத் தங்கிவிடும். "நாங்க சுத்த சைவம், எங்களுக்கு எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாலட்டுக்கு நறுக்கும் முள்ளங்கியையும் கொத்தமல்லியையும் ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இரண்டாவது, வெந்நீர் வலிப்பு. நல்ல சூடான நீரைத் தலையில் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வருவது. தென்னிந்தியாவில், முக்கியமாகக் கர்நாடகப் பகுதியில், இது அதிகம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நீரின் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு அடங்கிவிடுகிறது. சிலருக்குக் குளிப்பதற்கு முன் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள்.

குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வருவது வேறு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வரும் அந்த வலிப்பு பெரும்பாலும் வலிப்பு நோயாக மாறுவதில்லை. டாக்டரிடம் காட்ட வேண்டும், பயந்து நடுங்க வேண்டாம்.

சாவிக்கொத்தும் செருப்பும்

நம் ஊரில் வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பார்கள். டில்லியில் இதற்கு மிர்கி என்று பெயர், இங்கே செருப்பை முகரவைப்பார்கள். எனக்கு இரண்டு வைத்தியமும் நடந்திருக்கிறது. இரண்டிலும் "குணம்" தெரிந்ததற்குக் காரணம் எளிது. பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடிப் பிடித்துக் கையில் திணிப்பதற்குள் அது நிற்கும் நேரம் வந்துவிடுகிறது, பெயர் சாவிக்குப் போகிறது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. கடிகாரத்தைப் பாருங்கள். எப்போது ஆரம்பித்தது என்பது முக்கியம்.

2. பக்கத்தில் உள்ள மேசை, அடுப்பு, கூரான பொருள்களை விலக்குங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள்.

3. ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிய வேண்டும், மூச்சுக்குழலுக்குள் போகக் கூடாது.

4. வாயில் எதையும் வைக்காதீர்கள். ஸ்பூன் வேண்டாம், விரல் வேண்டாம், தண்ணீர் வேண்டவே வேண்டாம். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. ஸ்பூனால் பல் உடைந்தவர்கள் உண்டு.

5. கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள்.

6. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, மூச்சு சரியாக வராவிட்டாலோ, தண்ணீரில் நடந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, முதல் தடவையாக இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரே இப்போது கிடைக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் வீட்டிலேயே கொடுக்கலாம்.

7. தெளிந்த பிறகு பக்கத்திலேயே இருங்கள். கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. அப்போது நம் மொழியில் ஒரு குரல் "ஒண்ணுமில்ல, நான் இருக்கேன்" என்று சொன்னால் அதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

மருந்து

1912இல் பினோபார்பிட்டால் வந்தது, 1938இல் பினிட்டாயின். பிறகு கார்பமாஸெபின், வால்ப்ரோயேட், அதன் பிறகு லெவெடிராசெட்டம் என்று இன்று இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள் இருக்கின்றன. நடராஜர் முயலகனைக் கொல்லவில்லை, காலடியில் அமுக்கி வைத்திருக்கிறார். மாத்திரை செய்வதும் அதே காரியந்தான். காலை எடுத்தால் அவன் எழுந்துவிடுவான். "வலிப்புதான் வரலையே, மாத்திரை எதுக்கு?" என்று தாமாகவே நிறுத்துகிறவர்களுக்குப் பெரிய வலிப்பு வருவதைப் பார்க்கிறோம். சில ஆண்டுகள் வலிப்பே இல்லாமல் இருந்தால் சிலருக்கு டாக்டரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவார். சில வகைக்கு ஆயுள் முழுவதும் வேண்டும். எனக்குக் கடைசியாக வந்தது 2011இல், மாத்திரை இன்றும் தொடர்கிறது.

தூக்கம் கெடுவது, மது, பட்டினி ஆகியவை சிலருக்கு வலிப்பைத் தூண்டும். நாம் ஊருக்குப் போகும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு ஆகிறது. மாத்திரையை சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள், இரண்டு நாளைக்குக் கூடுதலாகவே வையுங்கள்.

மருந்துக்கு அடங்காதவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை உண்டு. இந்தியாவில் இதை முதலில் செய்தவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1952இல், நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்திலும் இது நெடுங்காலமாக நடக்கிறது.

டாக்டரிடம் யார் சொல்வது?

இது வெளியூர்த் தமிழர்களுக்கே உரிய சங்கடம். ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. எல்லாம் இருந்தாலும், வலிப்பைக் கண்டுபிடிக்க டாக்டருக்கு வேண்டியது கண்ணால் பார்த்தவரின் சாட்சியம். ஈ.ஈ.ஜி. சரியாக இருந்தும் வலிப்பு நோய் இருக்கலாம். தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் வெட்டியது, கண் திறந்திருந்ததா, எத்தனை நிமிஷம் என்று அவர் கேட்பார். பார்த்தவர் ஊரிலிருந்து வந்த பாட்டி. பாட்டிக்கு இந்தி தெரியாது, டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆபீஸிலிருந்து ஓடிவந்த மகன் எதையும் பார்க்கவில்லை, "மயக்கம் வந்தது" என்று மட்டும் சொல்வார். மயக்கத்துக்கு ஒரு சிகிச்சை, வலிப்புக்கு வேறு சிகிச்சை. பார்த்தவரையே அழைத்துப் போங்கள், உடன் நின்று வரி வரியாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. ஒருவர் உதவிக்கு இருக்க, இன்னொருவர் அரை நிமிஷம் படம் எடுத்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. அந்தப் படம் டாக்டருக்கு மட்டும், உறவினர் வாட்ஸ்அப்புக்கு அல்ல.

சட்டமும் கல்யாணமும்

1976இல் இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அடிக்கடி மனநோயோ வலிப்போ வருகிறவரின் திருமணத்தை நீதிமன்றத்துக்குப் போய்ச் செல்லாததாக்கலாம் என்றது அது. எனக்கு நோய் வந்த வருஷமும் அந்தச் சட்டம் வந்த வருஷமும் ஒன்று. 1999இல்தான் நாடாளுமன்றம் "வலிப்பு" என்ற சொல்லை அதிலிருந்து நீக்கியது. என் கல்யாணம் 1988இல். பதினோரு வருஷம் என் மனைவியின் நல்லெண்ணத்தில்தான் நான் சட்டப்படி கணவனாக இருந்தேன் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

பெண் பார்க்கப் போன அன்றே அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டார். என் மாமனார் தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தம்பி, மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "சாப்பிடறேன் சார்" என்றேன். "அப்ப சரி" என்றார். ஆண்பிள்ளைக்கு இது எளிதாக முடிந்தது. பெண்களுக்கு அப்படி முடிவதில்லை. மறைத்துக் கல்யாணம் செய்துகொடுக்கிறார்கள். அந்தப் பெண் புகுந்த வீட்டில் மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்து வைக்கிறாள். வீடு நிறைய விருந்தாளி, டப்பாவுக்குப் போக முடியவில்லை, மூன்று நாள் மாத்திரை இல்லை, கல்யாணத் தூக்கக்கேடு வேறு. நான்காம் நாள் விழுகிறாள். பிறகு "ஏமாத்திட்டாங்க" என்ற பேச்சு, பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். இங்கே கெடுத்தது நோயைவிட ஒளிப்புத்தான்.

வலிப்பு தொற்று நோயல்ல, பைத்தியமும் அல்ல. பெரும்பாலானோரின் குழந்தைகளுக்கு இது வருவதில்லை. இந்த நோயுள்ள பெண்கள் பிள்ளை பெறலாம். ஆனால் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால், கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், போலிக் அமிலம் சாப்பிட வேண்டும். இதைப் பேச வேண்டுமானால் கணவன் வீட்டுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கட்டுப்பாட்டை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது, உண்மையைத்தான் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டியது என் மனைவி. நான் பின்சீட்டு, அல்லது பஸ், 2002க்குப் பிறகு மெட்ரோ.

மனசு

வலிப்பு நரம்பு நோய்தான். ஆனால் அடுத்தது எப்போது, எங்கே, யார் முன்னால் என்ற பயம் மனசை அரிக்கும். வலிப்பு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். சில மருந்துகளே எரிச்சலையும் சோர்வையும் உண்டாக்கும். அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், மருந்தை மாற்ற வழியுண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி சேவையின் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

1992 உலகக் கோப்பையில் பாய்ந்து விழுந்து இன்சமாமை ரன் அவுட் செய்த ஜான்டி ரோட்ஸை யார் மறப்பார்கள்? அவருக்கும் வலிப்பு உண்டு, அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். நம் பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். மேலே எழுதிய ஏழு குறிப்புகளையும் பெரிய எழுத்தில் அச்சிட்டு அரங்க வாசலிலும் தமிழ் வகுப்பு அறையிலும் மாட்ட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு உடன் வந்து மொழிபெயர்க்க விருப்பமுள்ள உறுப்பினர்களின் பட்டியல் ஒன்று அலுவலகத்தில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் முதல் பெயராக என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளானாலும் வருகிறேன், எட்டு மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு.