உங்களுக்குத் தெரியுமா? பச்சை வாந்தி சொல்லும் சேதி

டவுன் சிண்ட்ரோமுடன் பிறக்கும் சிசுக்கள் 100 பேரில் ஏறக்குறைய 5 முதல் 7 பேருக்கு ஜீரண மார்க்கத்தில் ஏதேனும் ஒரு பிறவிக் குறை இருப்பதும், அவற்றுள் முக்கியமானது இரைப்பையை அடுத்த முன்சிறுகுடல் அடைபட்டுப் போவது என்பதும் பெற்றோர் பலர் அறியாதவை. கருவிலிருக்கும் குழந்தை விழுங்கும் பனிக்குட நீர் அந்த அடைப்பைத் தாண்ட வழியின்றித் தேங்குவதால் தாயின் வயிறு மாதத்துக்கு மீறிப் பெருப்பதும் உண்டு; பிறந்தபின் எடுக்கும் எக்ஸ்ரே படத்திலோ, காற்று நிரம்பிய இரண்டு குமிழிகள் அருகருகே தெளிவாகத் தெரியும்.

சிசு பித்தம் கலந்து பச்சையாக வாந்தி எடுத்தாலும், 24 மணி நேரம் கடந்தும் கரும்பச்சையான முதல் மலம் கழியாமல் வயிறு உப்பினாலும், கைவைத்தியத்தில் காலம் கடத்தலாகாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பின்னது, டேனிஷ் மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886இல் விவரித்த, பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் அமையாத குறையாக இருக்கலாம். அதுவும் இக்குழந்தைகளிடம் அதிகம்.

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் வாசிகளுக்குத் தேக்காவை ஒட்டிய கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் சிறுவர் அவசரப் பிரிவு இரவும் பகலும் திறந்திருக்கிறது. குழந்தை துவண்டிருந்தால் 995ஐ அழையுங்கள். அடைபட்ட முன்சிறுகுடலை அறுவை சிகிச்சையால் இணைத்தபின், பெரும்பாலான சிசுக்கள் சில வாரங்களில் வாயாலேயே பால் குடிக்கின்றன.