நாம் கேட்பது எந்த எல்லையை?

சில வாரங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. குப்பை அகற்றப்படுவதில்லை, வடிகான்கள் நிரம்பி வழிகின்றன என்பதுதான் பேச்சு. ஓர் இளைஞர் எழுந்து, "நமக்குத் தனிப் பிரதேச செயலகம் வந்தால்தான் இதற்கு முடிவு" என்றார். பலரும் கைதட்டினர். முப்பது வருடம் அரச அலுவலகங்களில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். அவர் சொன்னது பிழை என்று தெரிந்தும் அந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. அந்தக் குறுகுறுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

குப்பை அள்ளுவது பிரதேச செயலகத்தின் வேலை அல்ல. அது மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய உள்ளூராட்சி மன்றங்களின் வேலை. பெயர்கள் ஒன்றுபோல் இருந்தாலும் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் வேறு வேறு. செயலகம் மத்திய அரசின் நிருவாகக் கிளை. அங்கு நியமிக்கப்பட்ட அதிகாரி இருப்பார். சபையில் நாம் வாக்களித்துத் தெரிவு செய்தவர்கள் இருப்பர்.

இந்தக் குழப்பத்துக்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. கண்டி இராச்சியம் 1815 இல் வீழ்ந்த பின்னரும் பிரித்தானியர் அதனைக் கரையோரத்திலிருந்து வேறாகவே ஆண்டனர். 1833 இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி முழுத் தீவும் ஒரே நிருவாகமாக்கப்பட்டு, வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, மத்தி என ஐந்து மாகாணங்கள் உருவாகின. பின்னர் வடமேல் 1845 இலும், வடமத்தி 1873 இலும், ஊவா 1886 இலும், சப்ரகமுவ 1889 இலும் சேர்ந்தன. இன்றுள்ள ஒன்பது மாகாணங்கள் இவைதான்.

சுதந்திரத்தின் பின் நிலைமை மாறியது. 1955 ஆம் ஆண்டின் நிருவாக மாவட்டங்கள் சட்டம் மாகாணத்தை ஒதுக்கி, மாவட்டத்தை நிருவாகத்தின் பிரதான அலகாக்கியது. கச்சேரியும் அரசாங்க அதிபரும் மாவட்டத்துக்கு உரியவர்களாயினர். தேவைக்கேற்பப் பழைய மாவட்டங்கள் பிரிக்கப்பட்டன. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை பிரிந்தது. 1978 இல் கொழும்பிலிருந்து கம்பஹா பிரிந்தது. 1983 இல் ஏழாவது அரசியலமைப்புத் திருத்தம் கிளிநொச்சியை 25 ஆவது மாவட்டமாக்கியது.

1987 இல் 13 ஆவது திருத்தம் மாகாணத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. இம்முறை மாகாண சபையாக. வடக்கும் கிழக்கும் அப்போது தற்காலிகமாக இணைக்கப்பட்டன. அந்த இணைப்பு செல்லாது என 2006 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அடுத்து, 2007 முதல் அவை தனித்தனியாக இயங்குகின்றன. 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்கச் சட்டம் கச்சேரியின் அதிகாரங்கள் பலவற்றைப் பிரதேச செயலாளர்களுக்கு வழங்கியது. இன்று நாட்டில் 330 க்கும் மேற்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகளும், அவற்றின் கீழ் சுமார் 14,000 கிராம உத்தியோகத்தர் பிரிவுகளும் உள்ளன.

இவற்றோடு தேர்தல் எல்லைகள் வேறாக இருக்கின்றன. நிருவாக மாவட்டங்கள் 25. தேர்தல் மாவட்டங்களோ 22. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் ஒரே தேர்தல் மாவட்டம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னி. அம்பாறை நிருவாக மாவட்டத்தின் தேர்தல் பெயர் திகாமடுல்ல.

எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாமைக்கு நம் கண்முன்னே உள்ள உதாரணம் சாய்ந்தமருது. அங்கு தனிப் பிரதேச செயலகம் உண்டு. ஆனால் உள்ளூராட்சி விடயத்தில் அது கல்முனை மாநகர சபையின் கீழ் இருந்து வந்தது. தனி நகர சபைக்கான வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வெளியாகி, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. செயலகம் கிடைத்தால் சபையும் கூடவே வரும் என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

கரையோர மாவட்டக் கோரிக்கையையும் இதே தெளிவோடு பார்க்கலாம். கல்முனை, சம்மாந்துறை, பொத்துவில் ஆகிய மூன்று தேர்தல் தொகுதிகளையும் ஒரு மாவட்டமாக்க வேண்டும் என்பதே அது. பொத்துவிலில் இருக்கும் ஒரு விதவைத் தாய் கச்சேரியில் ஒரு வேலைக்காக அக்கரைப்பற்றுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி அம்பாறை நகருக்குப் போய், மொழி விளங்காமல் தடுமாறி, இருட்டும் நேரத்தில் வீடு திரும்புவதை நான் கண்டிருக்கிறேன். அவரது சிரமத்தில் அந்தக் கோரிக்கையின் நியாயம் இருக்கிறது. அதே மூன்று தொகுதிகளில் தமிழ், சிங்களச் சகோதரர்களும் வாழ்கிறார்கள். அவர்களுக்கும் கச்சேரி தூரம்தான். இதை ஓர் இனத்தின் எல்லைக்கோடாகப் பேசாமல், எல்லோருக்குமான சேவையாகப் பேசினால் அதன் வலு கூடும்.

சட்ட வழி மூடப்படவில்லை. மாவட்டங்களைப் பிரிக்கவோ இணைக்கவோ பாராளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றலாம் என அரசியலமைப்பின் 5 ஆவது உறுப்புரை சொல்கிறது. ஆனால் புதிய நிருவாக மாவட்டம் வந்தவுடன் புதிய எம்.பி. ஆசனம் வந்துவிடாது. தேர்தல் மாவட்டங்களை வகுப்பது எல்லை நிர்ணய ஆணைக்குழுவின் பணி. அவை 20 க்குக் குறையாமலும் 24 க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்பது 96 ஆவது உறுப்புரை. மேடைகளில் இவ்விரண்டையும் கலந்து பேசுவோரிடம் நாம் விளக்கம் கேட்க வேண்டும்.

மாவட்டம் பிரியும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வழிகளும் உண்டு. அம்பாறை மாவட்டத்தில் சுகாதாரத் துறைக்கு அம்பாறை, கல்முனை என இரண்டு பிராந்தியப் பணிமனைகள் இயங்குகின்றன. ஒரு மாவட்டத்துக்குள்ளேயே சேவையைப் பகிர முடியும் என்பதற்கு இது சான்று. மற்றைய திணைக்களங்களிடமும் இதையே கேட்கலாம்.

கூட்டம் முடிந்து மூன்று நாட்களின் பின் அந்த இளைஞரைச் சந்தித்து இதையெல்லாம் சொன்னேன். "அப்படியென்றால் மகஜரை யாருக்கு எழுத வேண்டும், சேர்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நாம் முதலிலேயே கேட்டிருந்தால், எத்தனையோ மகஜர்கள் உரிய மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். குப்பைக்கான மகஜரை இருவரும் சேர்ந்து எழுதினோம். இம்முறை முகவரி சரியானது.