மணல் திட்டும் மின்பொறியும்

மார்கழி மழை விடாமல் பெய்யும் நாட்களில் மட்டக்களப்பில் இரண்டு பேர் சந்தித்தால் "முகத்துவாரம் வெட்டியாச்சா?" என்றுதான் பேச்சுத் தொடங்கும். ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளமான வாவியில் வெள்ளம் ஏறிக்கொண்டே போகும். பாலமீன்மடுப் பக்கம், அலை குவித்த மணல் திட்டு கடலுக்கும் வாவிக்கும் நடுவே மறித்து நிற்கும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்கள் மூழ்கத் தொடங்கும். திட்டின் உயரத்தை நீர் தாண்டிவிட்டால், அதுவரை அடங்கிக் கிடந்த வெள்ளம் ஒரே பாய்ச்சலில் கடலில் விழும்.

பெற்றோல் எஞ்சினின் பிளக்கில் பொறி பாய்வதும் இப்படித்தான். பிளக்கின் நுனியில் இரண்டு உலோக முனைகளுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் அளவில் ஓர் இடைவெளி. அதில் நிற்கும் வாயுதான் மணல் திட்டு. கொயில் ஊட்டும் மின்னழுத்தம் வெள்ளம்போல் ஏறும். திட்டின் உயரத்தைத் தாண்டும் கணத்தில் வாயு உடைந்து மின்சாரம் பாயும், பெற்றோல் பற்றும். டர்போ பூட்டிய காரில் இந்தத் திட்டு உயர்ந்துவிடுகிறது. எரிபற்றல் தொகுதியை மேம்படுத்துவது என்று சொல்லப்படும் வேலை முழுவதும் அந்த உயரத்தைச் சமாளிக்கும் வேலைதான்.

டர்போ என்றதும் பந்தயக் கார் நினைவுக்கு வரலாம். ஆனால் நம் ஊர்த் தெருக்களிலேயே டர்போ ஓடுகிறது. இலங்கையில் வாகன இறக்குமதி வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து விதிக்கப்படுவதால், ஆயிரம் சிசிக்குக் கீழே நின்றுகொண்டு பெரிய எஞ்சினின் இழுவையைத் தரும் கார்கள் இங்கே வந்து குவிந்தன. 988 சிசி ஹொண்டா சிவிக், 996 சிசி டொயோட்டா ரைஸ், 658 சிசி சுசுகி ஸ்டிங்ரே ஆகியவற்றின் டர்போ வகைகள் அப்படி வந்தவை. பிறகு 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களையே ஓட்டவேண்டியிருந்தது. கொயிலும் பிளக்கும் முதுமையடைந்தன. கல்லடிப் பாலத்து ஏற்றத்தில் அக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் திக்கித் திணறுவது அந்த முதுமையின் முதல் அடையாளம்.

ஏன் குறிப்பாக ஏற்றத்தில்? 1889இல் ஜெர்மானிய இயற்பியலாளர் பிரீட்ரிக் பாஷன் அளந்து காட்டிய விதி இதற்குப் பதில் சொல்கிறது. ஓர் இடைவெளியை மின்சாரம் தாண்டுவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பது, இடைவெளியின் அகலத்தையும் அதிலுள்ள வாயுவின் நெருக்கத்தையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. திறந்த காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். பிஸ்டன் நசுக்கிய வாயுவில் அது பத்தாயிரத்தைத் தாண்டும். டர்போ, எஞ்சின் வெளியேற்றும் புகையின் விசையில் சுழன்று காற்றை உள்ளே திணிக்கிறது. ஒரு பார் கூடுதலாகத் திணித்தால் சிலிண்டருக்குள் வாயுவின் நெருக்கம் ஏறத்தாழ இரு மடங்கு. ஏற்றத்தில் முழுமூச்சாக இழுக்கும்போதுதான் சிலிண்டர் அதிகம் நிரம்புகிறது. சும்மா நிற்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் ஒழுங்காகப் பாய்ந்த பொறி அங்கே தவறுகிறது.

டர்போவின் காற்று பொறியை ஊதி அணைத்துவிடுகிறது என்று சொல்வோர் உண்டு. மெழுகுதிரியை நினைத்துச் சொல்லும் பேச்சு அது. பெரும்பாலும் பொறி அணைவதில்லை; பிறப்பதே இல்லை. அல்லது வேறு வழியில் கசிந்துவிடுகிறது.

கராஜ்களில் வழக்கமாகச் செய்யும் ஒரு சோதனையின் குறையும் இங்கே வெளிப்படும். பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடலில் தொட்டு, பொறி வருகிறதா என்று பார்ப்பார்கள். நீலமாகப் பாய்ந்தால் பிளக்கும் கொயிலும் நல்லது என்று தீர்ப்பு. வெளியே பார்த்தது திட்டு தாழ்ந்து கிடக்கும் முகத்துவாரத்தை. உள்ளே திட்டு பல மடங்கு உயரம். வெளியே பொறி தரும் கொயில் உள்ளே தோற்பது சாதாரணம். போதாக்குறைக்கு, இக்காலக் கொயில்களில் இந்தச் சோதனை கைக்கும் ஆபத்து, காரின் கணினிக்கும் ஆபத்து.

கொயில் எப்படி வெள்ளத்தை ஏற்றுகிறது? உள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. முதல் சுருளில் பற்றரியின் 12 வோல்ட் மின்சாரம் சில மில்லி விநாடி ஓடிக் காந்தப் புலத்தை வளர்க்கும். சட்டென்று அதை வெட்டினால் புலம் சரிந்து, அந்தச் சுருளிலேயே முந்நூறு, நானூறு வோல்ட் எழும். இரண்டாம் சுருளில் ஏறத்தாழ நூறு மடங்கு சுற்றுகள் இருப்பதால் அங்கே முப்பது, நாற்பதாயிரம். ஆனால் புலம் வளர நேரம் வேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை வெடிக்கிறது. பழைய காரில் ஒரே கொயில் நான்குக்கும் உழைத்தது. அதற்குக் கிடைத்த இடைவேளை ஐந்து மில்லி விநாடி. வேகம் கூடக்கூட அரைகுறையாக நிரம்பி, அரைகுறையாகவே வெட்டப்பட்டது. பிளக்குக்கு ஒரு கொயில் என்று வந்தபின் முழு 20 மில்லி விநாடியும் அதற்கே சொந்தம்.

பந்தயக்காரர்கள் செய்யும் மேம்பாட்டில் எனக்கு மிக நியாயமாகப் படுவது இதுதான். நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயத்தையும் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தையும் அறிந்தவர்களுக்கு மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் புதிய பெயரல்ல. அதன் 4ஜி63 டர்போ எஞ்சினுக்கு ஆலை கொடுத்தது இரண்டே கொயில்கள். ஒவ்வொன்றும் இரண்டு பிளக்குகளுக்கு ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும். அந்தப் பொறிகளில் ஒன்று, புகை வெளியேறும் நேரத்தில் வீணாகப் பாயும். டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியவர்கள் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு நான்கு தனிக் கொயில்களைப் பூட்டுகிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனால் சிடிஐ வரும். மின்தேக்கியில் முந்நூறு, நானூறு வோல்ட்டைச் சேமித்து, ஒரே தட்டலில் கொயிலுக்குள் கொட்டும் முறை அது. மின்னழுத்தம் மிக விரைவாக ஏறுவதால், கரி படிந்த பிளக்கிலும் அது கசிந்து போவதற்குமுன் பொறி பாய்ந்துவிடும். பந்தயக்காரர் பெரும் பணம் கொடுத்து வாங்கும் இதே முறை, நம் மீனவர்களின் படகு எஞ்சின்களில் பல காலமாக இருக்கிறது. பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் எஞ்சினில் பிளக் கரி பிடிப்பது தினசரிச் சங்கதி. கரையில் உட்கார்ந்து பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்க்கும் மீனவருக்கு இந்தப் பாடத்தில் பாதி தெரியும்.

தெருக் காருக்கு வருவோம். இங்கே கொயிலைவிடப் பிளக்கே முதலில் கவனிக்கவேண்டியது. திட்டைத் தாழ்த்த எளிய வழி, இடைவெளியைக் குறைப்பது. டர்போ அழுத்தத்தைக் கூட்டியவர்கள் 0.7 மில்லிமீட்டர் வரை, அதற்குக் கீழும் இறக்குவதுண்டு. இறக்கினால் பொறி தவறாது. ஆனால் தீயின் முதல் கரு சிறுத்துப்போய், நிற்கும்போது எஞ்சின் நடுங்கும். ஆகவே தவறாத அளவுக்குள் எது பெரிதோ அதுவே சரியான இடைவெளி. ஆலையின் அழுத்தத்திலேயே ஓடும் காரில் ஆலை சொன்ன அளவை மாற்றக் கூடாது. இரிடியம் பிளக்கின் நடுமுனை அரை மில்லிமீட்டர் அளவே தடிப்பானது. அளவுத் தகட்டை அதில் முட்டக் கொடுத்து நெம்பினால் முறிந்துவிடும்.

பிளக்குக்கு வெப்ப எண் என்று ஒன்றும் உண்டு. நுனியின் வெப்பம் ஏறத்தாழ 450 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் கரி எரியாமல் படியும். 850ஐத் தாண்டிப் போகப் போக நுனியே தணலாகி, பொறிக்கு முன்னரே பெற்றோலைப் பற்றவைக்கும் ஆபத்து வரும். அழுத்தம் கூட்டிய எஞ்சினுக்கு வெப்பத்தை விரைவாக வெளியேற்றும் குளிர் பிளக் வேண்டும். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர். போஷ் பிளக்கில் எண் கூடினால் சூடு. இதை மாற்றி விளங்கிக்கொண்டு வாங்கினால் பிஸ்டனே உருகலாம்.

வெள்ளம் திட்டை உடைக்க முடியாவிட்டால் பலவீனமான அணைக்கட்டைத் தேடும். பொறிக்கு அந்தப் பலவீனம் கொயிலின் ரப்பர் உறை. நம் ஊரின் வெக்கையில் அது காய்ந்து வெடிக்கும். கடற்காற்றின் உப்பும் ஈரமும் அந்த வெடிப்பில் படிந்தால் மின்சாரம் ஓடுவதற்குப் பாதை தயார். எஞ்சினை உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவி, பிளக் குழிக்குள் நீர் தேங்கவிடும் பழக்கத்தை நாம் கைவிடவேண்டும். கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், பொறி வெளியே ஓடியிருக்கிறது என்று பொருள். பிளக்கையும் உறையையும் சேர்த்தே மாற்றவேண்டும். உறை தனியாகக் கிடைத்தால் முழுக் கொயிலுக்கும் செலவழிக்கத் தேவையில்லை. அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் "மனே, முதல்ல பிளக்கக் கழட்டிப் பாப்பம்" என்று சொன்னால், அவர் உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறார்.

கொயில் மாற்றினால் குதிரை வலு கூடும் என்ற விளம்பரத்தை நம்பவேண்டாம். பற்றிக்கொண்ட பெற்றோல், பொறி பெரிதாக இருந்ததற்காகக் கூடுதலாக எரிவதில்லை. வலு கூடுவது காற்றும் பெற்றோலும் கூடும்போதும், பொறி பாயும் நேரத்தைக் கணினியில் சரிப்படுத்தும்போதும்தான். அந்த நேரத்தை முன்னுக்குத் தள்ளுவதற்கு 92 ஒக்டேன் இடம் கொடுக்காத எஞ்சினில் 95 இடம் கொடுக்கலாம். நல்ல கொயிலும் பிளக்கும் செய்வது, கூடிய வலுவைத் தவறவிடாமல் வாங்கித் தருவது.

எஞ்சின் விளக்கு மினுங்காமல் எரிந்தால் கராஜ் வரை மெதுவாக ஓட்டிப்போகலாம். ஏற்றத்தில் திணறிக்கொண்டே அந்த விளக்கு மினுங்கினால், பற்றாத பெற்றோல் புகைக் குழாய்க்குள் போய் வினையூக்கி மாற்றியைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். பிளக்கைப் பார்க்காமல் மறுபடி வேகம் எடுக்காதீர்கள்.