இறைக்கும் மெசின் இயங்க மறுத்தால்

இடம்பெயர்ந்தபோது பலர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்த பெறுமதியான பொருள் இரண்டு அங்குல இறைப்பு மெசின்தான். கொட்டில் மூலையில் மாதக்கணக்கில் கிடந்த அதைக் குத்தகைக் காணிக்குக் கொண்டுபோய்க் கயிறு இழுத்தால் இயங்காது. வெங்காயமோ நட்டாயிற்று. தண்ணீர் மூன்று நாள் பிந்தினாலே பயிர் வாடத் தொடங்கிவிடும். இப்படி நின்றுபோகும் மெசின்களில் பெரும்பாலும் காபரேற்றரில் அழுக்குத்தான் இருக்கும். அதை நாமே துப்புரவாக்கலாம்.

கழற்ற முன் பிளக்கைப் பாருங்கள். எண்ணெய் சிந்தியிருந்தால் முதலில் துடைத்துக் காயவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, தொப்பியைப் பூட்டியபடி அதன் உடலை எஞ்சினில் தொடவைத்துக் கயிறு இழுத்தால் பொறி தெரிய வேண்டும். பொறி இருந்தும் பிளக் காய்ந்திருந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை; நனைந்திருந்தால் அளவுக்கு மிஞ்சி வருகிறது.

எண்ணெய் வரவில்லையென்றால் தாங்கியின் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைத்திருந்தால் எண்ணெய் இறங்காது. அடுத்து, திறப்பின் கீழுள்ள சிறு கிண்ணம். போத்தலில் வாங்கும் எண்ணெயில் தண்ணீர் கலந்திருப்பதுண்டு. தண்ணீர் பாரமானது, அடியில் தங்கும்.

இனிக் காபரேற்றர். வெளியில், காற்றோட்டமான இடத்தில், பகலில் மட்டும் செய்யுங்கள். குப்பி விளக்கும் சுருட்டும் அருகில் வேண்டாம். திறப்பைப் பூட்டிவிட்டு, அடிக்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் ஒற்றை ஆணியைக் கழற்றுங்கள். கிண்ணத்தில் பிசின்போல் மண்ணிற அழுக்கு இருந்தால் அது பழைய பெற்றோல் இறுகியது. நடுக்குழாயினுள் பித்தளையாலான சிறு ஜெற் இருக்கிறது. சரியான அளவு திருப்புளியால் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுத் துவாரத்தில் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெற்றோலில் ஊறவிட்டு, மின்வயரிலிருந்து எடுத்த ஒற்றைச் செப்பு இழையால் மெதுவாகக் குத்துங்கள். தையல் ஊசியும் இரும்புக் கம்பியும் கூடவே கூடாது. துவாரம் மயிரளவு பெருத்தாலும் பிறகு எண்ணெய் கூடக் குடித்துக் கரும்புகை கக்கும். புது ஜெற் வாங்குவதைத் தவிர வழியில்லை.

மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே எண்ணெய் தளம்பினால் அது ஓட்டை. மிதவையோடு வரும் ஊசியின் நுனியில் வளையம்போல் தேய்வு விழுந்திருந்தால் எண்ணெய் வழிந்துகொண்டே இருக்கும்.

சோக் பாதி மூடியிருந்தால் மட்டும் ஓடுகிறது, திறந்தால் நிற்கிறது என்பார்கள் சிலர். ஜெற் முழுவதும் துப்புரவாகவில்லை, அல்லது காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள வாசர் வழியே காற்று புகுகிறது. கரும்புகை வந்தால் முதலில் சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள், பிறகு காற்று வடியை. கடற்பஞ்சு வடியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காயவிட்டு, சில துளி எஞ்சின் ஒயில் விட்டுப் பிழிந்து பூட்டலாம்.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். 1990இல் தொடங்கி 2002 வரை வடக்கில் நீடித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினோம். அந்தக் கைப்பழக்கம் சும்மா வரவில்லை. ஆனால் மண்ணெண்ணெய்க்கென்று செய்த எஞ்சினில் அமுக்கம் குறைவு. பெற்றோல் எஞ்சினில் அதை விட்டால் இடிக்கும், கரி படியும். மண்ணெண்ணெய் மெசினையும் பெற்றோலில் தொடக்கி, நன்றாகச் சூடேறிய பின்பே மாற்றுங்கள். நிறுத்த முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிடுங்கள். இல்லையேல் மறுநாள் கிண்ணத்தில் மண்ணெண்ணெய்தான் நிற்கும், கை ஓயும்வரை கயிறு இழுக்க நேரும். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடும் கலக்கும். ஒயில் மட்டம் ஏறியிருந்தாலோ மண்ணெண்ணெய் மணத்தாலோ மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் கீழிறங்கிய காலத்தில் மெசினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது ஆபத்து. புகையிலுள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை. மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் மாண்ட கதைகள் உண்டு.

இறைப்பு முடிந்து மெசினை ஒதுக்கிவைப்பதானால் திறப்பைப் பூட்டி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கிண்ணத்தின் அடியாணியைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள்.