வசந்தகாலக் குமிழ்க்கிழங்குகள் பூவாதிருப்பதேன்?

வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் அறியாத குடியானவர் இல்லை. நிலத்தினடியில் ஏடு ஏடாகத் தடித்து, தனக்கு வேண்டிய உணவைத் தன்னுள்ளேயே சேமித்து வைத்துக்கொள்வது இவ்வினத்தின் இயல்பு. டூலிப், நார்சிஸஸ், ஹையசிந்த் முதலிய குளிர்நாட்டு அலங்காரச் செடிகளும் இத்தகைய குமிழ்க்கிழங்குகளிலிருந்தே முளைத்து, வசந்த காலத்தில் பூக்கின்றன. இக்காலத்தில் இக்கிழங்குகள் தபால் மூலம் நமது கிராமங்களுக்கும் வந்து சேருகின்றன. விலையோ அதிகம். முதல் வருஷம் பூத்தவை மறு வருஷம் வெறும் இலையோடு நின்றுவிடுவதாகப் பலர் குறைப்படுகின்றனர்.

சில வருஷங்களுக்கு முன் எமது வட்டாரத்து நிலச்சுவான்தார் ஒருவர் ஐம்பது டூலிப் கிழங்குகளை வரவழைத்து, மார்கழியில் தொட்டிகளில் நட்டார். பெரும்பாலானவை பூத்தன. அடுத்த வருஷம் பத்து சென்ட் நிலத்தில் பயிரிட்டு, பூவைக் கலியாண வீடுகளுக்கு விற்கலாமென்று எண்ணி, கிழங்குகளைத் தோண்டிப் பரணில் வைத்திருந்து மறுபடியும் நட்டார். ஒவ்வொன்றிலும் ஓரிலை மட்டுமே எழுந்தது. அவர் என்னிடம் யோசனை கேட்டபோது, கடலைப் பிண்ணாக்கு வைக்கும்படி சொன்னேன். இலை கரும்பச்சையாயிற்று, பூ வரவில்லை. விற்றவர் மோசம் செய்தாரென்று கிராம அதிகாரியிடம் முறையிடும் அளவுக்குக் காரியம் முற்றிற்று. பின்னர் இவ்விஷயத்தை நன்கு விசாரித்ததில், குற்றம் விற்றவரிடத்திலுமில்லை, மண்ணிலுமில்லை. என் யோசனையிலேயே பிழை இருந்தது என்று கண்டேன். அறிந்ததைப் பிறர்க்கும் தெரிவிப்பது கடமையாதலின் இதனை எழுதலானேன்.

பூ எப்பொழுது உண்டாகிறது?

நெல்லிலும் கத்தரியிலும் விதைத்த பின்னரே பூ உண்டாகிறது. டூலிப், நார்சிஸஸ் ஆகியவற்றிலோ நடுவதற்கு முன்பே, கிழங்கினுள் பூ உருவாகிவிடுகிறது. ஐரோப்பாவில் ஐப்பசி, கார்த்திகையில் நடும் டூலிப் கிழங்கை நெடுக்காகப் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், நடுவில் இதழும் மகரந்தப் பையும் கூடிய சிறு பூவைக் காணலாம். இலை காய்ந்து கிழங்கு உறங்குவதுபோல் தோன்றும் கோடைகாலத்திலேயே இப்பூ அமைகிறது. ஹாலந்து தேசத்தில் வாகனிங்கன் நகரத்துப் பேராசிரியர் பிளாவ் என்பவர் 1920க்குப் பிற்பட்ட வருஷங்களில் இதனை நுணுகி ஆராய்ந்து, எந்நிலையில் எவ்வளவு உஷ்ணம் தேவையென்று காட்டினார். அந்நாட்டார் கோடையில் டூலிப் கிழங்குகளைத் தோண்டியெடுத்து, ஏறத்தாழ 17 முதல் 20 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் வைத்துப் பூவை உருவாகச் செய்கின்றனர். பரணில் கடும் வெயிலின் காங்கையில் கிடந்த கிழங்கில் இவ்வேலை எங்ஙனம் நடைபெறும்?

குளிரின் அவசியம்

பூ உருவாகிவிட்டால் மட்டும் போதாது. அதன் தண்டு நீண்டு வெளிவரக் குளிர் வேண்டும். டூலிப்புக்கும் டாஃபடில் என்னும் பெரும்பூ நார்சிஸஸுக்கும் பொதுவாகப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் வரை, 5 முதல் 9 டிகிரி அளவான குளிர் தேவையாகும். ஹையசிந்துக்குச் சற்றுக் குறைவாயினும் போதும். குளிர் போதாவிடில், பூ இலைகளுக்கிடையே குட்டையாக நின்றுவிடும். அல்லது கிழங்கினுள்ளேயே வாடிவிடும். நண்பர் வாங்கிய கிழங்குகள் முதல் வருஷம் பூத்ததன் இரகசியம் இதுவே: விற்றவர் குளிரூட்டிய பின்னரே அவற்றை அனுப்பியிருந்தார். மறு வருஷம் அக்குளிர் கிடைக்கவில்லை.

இலையே வரவு

டூலிப்பில் நட்ட கிழங்கு அவ்வருஷத்திலேயே செலவாகி அழிகிறது. அதனிடத்தில் புதுக்கிழங்குகள் உண்டாகின்றன. அவை பருப்பது, பூ உதிர்ந்த பின் நிற்கும் பச்சை இலையின் உழைப்பினாலேயே. நார்சிஸஸில் கிழங்கு நிலைத்து நிற்பினும், அதன் களஞ்சியத்தை நிரப்புவதும் இலையேயாகும். ஆகவே, பூ முடிந்ததும் அழகுக்காக இலையை அறுப்பதும், முடிந்து கட்டுவதும் அடுத்த வருஷப் பூவை அறுப்பதற்கே ஒப்பாகும். குறைந்தது ஆறு வாரமாவது இலையை விட்டு வைக்கவேண்டும். தானே மஞ்சளித்துச் சாய்வது உத்தமம். வாடிய பூவையோ உடனே கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் விதைக்காகச் சத்து வீணாகும். ஹாலந்து விவசாயிகள் வயல் முழுதும் பூத்து நிற்கும் டூலிப்பின் தலைகளைக் கொய்தெறிவது இதன் பொருட்டே. அவர்கள் விற்பது கிழங்கு, பூவன்று.

உரமிடுவதாயின், இலை பச்சையாயிருக்கும்போதே சாம்பற் சத்து மிகுந்த உரத்தை மிதமாக இடவேண்டும். தழைச்சத்து மிகுந்தால் இலை கொழிக்குமேயன்றிப் பூவுக்கு நன்மையில்லை. பூக்காத கிழங்குக்கு நான் பிண்ணாக்கு வைக்கச் சொன்னது எத்துணைத் தவறென்பது இப்பொழுது விளங்கும். அவ்வருஷத்துப் பூவின் விதி முன்னமே முடிந்திருந்தது.

தேர்வும் நடவும்

சிறு கிழங்கு பூவாது. டூலிப்பில் ஓரிலை மட்டும் எழுந்தால், அக்கிழங்கு பூக்கும் பருவம் அடையவில்லையென்று அறியலாம். வியாபாரத்தில் கிழங்கின் சுற்றளவைக் கொண்டே தரம் பிரிக்கின்றனர். டூலிப்பில் 12 சென்டிமீட்டருக்குக் குறையாதவை உயர்தரமாகும். அழுத்திப் பார்த்துக் கெட்டியாயிருப்பதையே வாங்குக. கிழங்கின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் நடுதல் முறை. மேலாக நட்டால், நார்சிஸஸ் பல சிறு கிழங்குகளாகப் பிரிந்து பூவாமற்போகும். நீர் தேங்குமிடத்தில் கிழங்கு அழுகும். பல வருஷம் நெருங்கி வளர்ந்த கூட்டத்தை, இலை காய்ந்த பின் பிரித்து நடவேண்டும்.

குளிர்ப்பெட்டியில் குளிரூட்ட விரும்புவோர் கிழங்குகளைக் காற்றோட்டமுள்ள பையிலிட்டு, உறையாத பகுதியில் வைக்கலாம். ஆப்பிள், வாழை, மா முதலிய பழங்களை உடன் வைக்கலாகாது. பழுக்கும் கனியிலிருந்து வெளிப்படும் எத்திலீன் என்னும் வாயு, உள்ளிருக்கும் பூமொட்டைக் கெடுத்துவிடும். அழுகிய கிழங்கிலிருந்தும் இவ்வாயு வெளிப்படுமாதலால், அதனை உடனே நீக்கிவிட வேண்டும்.

நமக்கு ஏற்றது யாது?

இந்தியாவில் டூலிப்புக்கு இசைந்த சீதோஷ்ணம் இமயமலைப் பிரதேசத்தில் உண்டு. ஸ்ரீநகரில் தால் ஏரிக்கருகே 2007-ம் ஆண்டு திறக்கப்பட்ட பெருந்தோட்டம் வசந்தந்தோறும் பூத்து விளங்குகிறது. நமது சமவெளியிலோ, குளிரூட்டி வாங்கிய கிழங்கு ஒருமுறை பூத்தால் அதுவே இலாபமென்று கொள்ளவேண்டும். அதனை விதைக்கிழங்காக நம்பி நிலத்தையும் முதலையும் ஈடுபடுத்துவது தகாது. ஆசை விடாதவர்கள் குளிரை வேண்டாத வெண்ணிறச் சிறுபூ நார்சிஸஸ் வகையைத் தொட்டியில் பரீட்சித்துப் பார்க்கலாம்.

பூ விற்றுப் பணம் காண விரும்புவோர்க்கு நிலச்சம்பங்கி இருக்கிறது. மெக்ஸிகோவிலிருந்து வந்த இப்பயிர் குளிரை எதிர்பார்ப்பதில்லை. ஆயினும் கிழங்கின் தர்மம் இதற்கும் பொதுவே. 25 முதல் 30 கிராம் எடையுள்ள விதைக்கிழங்கைத் தேர்ந்தெடுத்து, தோண்டியபின் ஒரு மாதம் உலர்ந்த நிழலில் ஓய்வு கொடுத்து, 45 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுவது நன்று. ஒருமுறை பூத்த தாய்க்கிழங்கு மறுமுறை பூவாது; பக்கக் கிழங்குகளே பின்னர் பூக்கும்.

மேற்கூறிய நண்பர் டூலிப்புக்கென்று ஒதுக்கிய பத்து சென்ட் நிலத்தில் இப்பொழுது சம்பங்கி நிற்கிறது. பழைய தொட்டிகள் திண்ணையில் வெறுமனே கிடக்கின்றன. அவ்வழியே செல்லும்போதெல்லாம், யோசனை கூறுவதற்கு முன் கிழங்கைப் பிளந்து பார்த்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். வாசகர்களும் கிழங்கு வாங்குமுன், அது எங்கே எவ்வளவு காலம் குளிரில் இருந்ததென்று விசாரித்தறிவார்களாக.