நாடி தட்டாது, ரத்தம் ஓடும்

எதிரே உட்கார்ந்து இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி தட்டுப்படாது. ‘எல்வாட்’ என்ற பம்ப்பை இதயத்தில் பொருத்திக்கொண்ட பலரின் நிலை இது. சாதாரண பி.பி. கருவியும் இவர்களிடம் தடுமாறும். டாப்ளர் ஒலியைக் கேட்டுத்தான் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள்.

யாருக்கு இது?

இதயம் பலவீனமாகி, போதிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் போவதே இதயச் செயலிழப்பு. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். மருந்துக்கும் கட்டுப்படாதவர்களுக்கு மாற்று இதயம் கிடைக்கும்வரை எல்வாட் கைகொடுக்கும். மாற்று இதயத்துக்குத் தகுதியில்லாதவர்களுக்கு அதுவே நிரந்தரத் துணை.

எப்படி இயங்குகிறது?

நோயாளியின் இதயத்தை எடுப்பதில்லை. இடது கீழறையின் நுனியில் பொருத்தப்படும் பம்ப், அங்குள்ள ரத்தத்தை இழுத்துக் குழாய் வழியாகப் பெருந்தமனிக்கு அனுப்பும். ‘ஹார்ட்மேட் 3’ கருவியில் சுழலி காந்த விசையால் எதையும் தொடாமல் மிதந்தபடி சுற்றுகிறது. உராய்வு இல்லாததால் பம்ப்புக்குள் ரத்தம் உறைவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ரத்தம் விட்டுவிட்டு அல்லாமல் தொடர்ந்து ஓடுவதால்தான் நாடி அடங்கிப்போகிறது.

பலன் என்ன?

மாற்று இதயத்துக்குத் தகுதியில்லாத 129 பேரிடம் நடந்த ‘ரீமேட்ச்’ ஆய்வின் முடிவு 2001-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 25 சதவீதமும், அந்தக் காலத்துப் பம்ப் பொருத்தியவர்களில் 52 சதவீதமும் உயிரோடு இருந்தனர். ‘மொமென்டம் 3’ ஆய்வில் ஹார்ட்மேட் 3 பொருத்தியவர்களில் சுமார் 58 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்தனர்.

வீட்டுக்கு வந்த பிறகு

பம்ப்பிலிருந்து வரும் ஒரு கேபிள் வயிற்றுத் தோல் வழியே வெளியேறி, இடுப்பில் மாட்டிய கன்ட்ரோலரில் சேர்கிறது. பகலில் இரண்டு பேட்டரிகள், தூங்கும்போது பிளக். நீச்சல் கூடாது, எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. கேபிள் வெளிவரும் இடத்தில் சீழ் பிடிக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட வேண்டும். அதனால் குடலில் ரத்தக்கசிவு வரலாம். பக்கவாத அபாயமும் உண்டு. இடப்பக்கத்துக்கு மட்டுமே பம்ப் என்பதால், வலப்பக்க இதயம் தாக்குப்பிடிக்குமா என்று முன்கூட்டியே பார்த்துவிடுவார்கள்.

ஆகவே டாக்டர்கள் நோயாளியின் இதயத்தோடு அவர் வீட்டையும் விசாரிப்பார்கள்: கரன்ட் நிலவரம் எப்படி, கட்டு மாற்ற யார் இருக்கிறார்கள், நள்ளிரவில் அலாரம் அடித்தால் யார் எழுந்து பார்ப்பார்கள்? இதற்கெல்லாம் பதில் இருக்கும் வீட்டில்தான் இந்தக் கருவி முழுப் பலன் தரும்.